ரொறன்ரோவில் மேப்பிள் லீஃப்ஸுக்காகக் கத்தும் எங்கள் சொந்தங்களுக்கு

அன்பான உறவுகளே,

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து, 2025-26 பருவம் தொடங்கும் முன் எழுதுகிறேன். ஐஸ் ஹொக்கியையும் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியையும் ஸ்காபரோவில் இருக்கிற மச்சான்தான் பழக்கிவிட்டான். உங்களுக்கு இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் எங்களுக்கு விடியப்புறம் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. எழும்பி ஃபோனில் பார்ப்பேன். 2025 மே மாதம் பிளேஓஃபில், அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளில், நாலு வெற்றி வேண்டிய தொடரில் புளோரிடாவை முதல் இரண்டு ஆட்டத்திலும் வென்றுவிட்டு, ஏழாவது ஆட்டத்தில் சொந்த அரங்கிலேயே 6-1 என்று தோற்றோமே, அன்று எனக்குக் காலைத் தேத்தண்ணியும் இறங்கவில்லை.

அந்தக் கோடையில் நம் அணியின் முன்னணி வீரர் மிட்ச் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். "போகட்டும், பிளேஓஃபில் என்னத்தைக் கிழித்தார்" என்று நீங்கள் பேசுவதைக் கேட்கிறேன். கோபம் விளங்குகிறது. 1967க்குப் பிறகு நமக்கு ஸ்டான்லி கிண்ணம் வரவில்லை. ஆனால் நம்மிடம் ஆடிய கடைசிப் பருவத்தில் அவர் அடித்த கோல் 27, மற்றவர்கள் அடிக்க எடுத்துக் கொடுத்தது 75. அந்த 27ஐ வேறு யாராவது அடித்துவிடலாம். 75தான் எனக்குப் பயம். அவை மற்றவர்களின் பெயரில் பதிவான கோல்கள். நைலாண்டரின் 45, டவாரஸின் 38, மத்தியூஸின் 33 என்று நாம் பெருமையாகச் சொல்லும் எண்களுக்குள்ளும் மார்னரின் கை இருக்கிறது.

அந்தப் பருவத்தில் 20 கோலைத் தொட்டவர்கள் ஆறு பேர்: இந்த நால்வரும், நைஸும் மக்மானும். அவர்களுக்குப் பின்னால் ரொபேர்ட்சன் 15. டோமி எட்டே எட்டு. மூன்றாவது லைன் (ஒன்றாக இறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) இறங்கினால் எதிரணி மூச்சு வாங்கிக்கொள்கிறது. பிளேஓஃபில் மேல் இரண்டு லைனையும் இறுக்கிக் கட்டிவிட்டால் நமக்கு வேறு வழியில்லை.

எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்திலும் இதே கதைதான். கோல் அடிக்கிற பெடியன் கட்டாருக்குப் போனான். அவனைப் போல ஒருவனைத் தேடியே ஒரு வருடத்தை வீணாக்கினோம். அடுத்த வருடம் விங்கில் ஓடுகிறவனுக்கும் பின்னால் நிற்கிறவனுக்கும் பெட்டிக்குள் போக அனுமதி கிடைத்தது. அப்புறம்தான் கோல் வந்தது.

நிர்வாகம் கொண்டுவந்திருக்கும் ஆட்களைப் பாருங்கள். நிக்கலா ருவா வேகஸில் 15 அடித்தவர். மச்செல்லி 2023-24இல் அரிசோனாவுக்காக 57 புள்ளி (அடித்த கோலும் எடுத்துக் கொடுத்ததும் சேர்த்து) எடுத்தவர். அடுத்த பருவம் அவருக்குச் சறுக்கியது, உண்மை. டக்கோட்டா ஜோசுவா அதே 2023-24இல் 18 அடித்தார், பிறகு புற்றுநோயில் இருந்து மீண்டு வந்து ஆடினார். ஒருவரும் மார்னர் இல்லை. மூன்று பேரும் ஆளுக்குப் பதினைந்து அடித்தால் மூன்றாவது லைனுக்கு உயிர் வரும். எனக்கு மச்செல்லியில்தான் நம்பிக்கை, பக்கை (ஹொக்கித் தட்டை) மற்றவருக்குக் கொடுக்கத் தெரிந்தவர்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் அரங்குக்குப் போகிறீர்கள், உங்கள் சத்தம் பெஞ்சில் இருக்கிற வீரனுக்குக் கேட்கும். புது ஆட்கள் முதல் பத்து ஆட்டத்தில் கோல் அடிக்காவிட்டால் கூச்சல் போடாதீர்கள். கோல் வராத இரவுகளில் மத்தியூஸை மட்டும் திட்டவும் வேண்டாம். பயிற்சியாளர் பெரூபே மூன்றாவது லைனுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறார், பவர் பிளேயில் (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) இரண்டாம் அணியை எப்போது இறக்குகிறார் என்று எண்ணுங்கள், அதைக் கேளுங்கள்.

ஒக்டோபர் முதல் ஆட்டத்துக்கு அலாரம் வைத்துவிட்டேன்.

உங்கள்,
கல்லடியில் இருந்து ஒரு லீஃப்ஸ் ரசிகன்