செயலாளரின் ஆண்டறிக்கை: கோட்டே மதிலைப் பார்க்கப் போன வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல விரும்புவது கோட்டேக்குப் போய்வந்த அந்த ஒரு நாளைப் பற்றி.

வெள்ளவத்தையில் இருக்கும் நம்மில் பலருக்குக் கோட்டே என்றால் பாராளுமன்றம்தான். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் தியவன்னா ஓயாக் கரையில் அந்தக் கோட்டை எழுந்ததற்கு வடக்கின் தமிழரசும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்கள் அப்போது மேற்குக் கரையில் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எதிர்க்கத் துணிந்த கம்பளை அரசின் அமைச்சர் நிசங்க அழகக்கோனார், நீரும் சதுப்பும் சூழ்ந்த மேட்டைத் தேர்ந்து, நிலத்தோடு ஒட்டிய தெற்குப் பக்கத்தில் அகழி வெட்டி மதில் எழுப்பினார். பிறகு வரிக்காரரை விரட்டினார். அவருடைய முன்னோர் வஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பார்கள்.

அப்புறம் மன்னர் ஆறாம் பராக்கிரமபாகு அதைத் தலைநகராக்கினார். அவர் வளர்த்த செண்பகப் பெருமாள் 1450இல் யாழ்ப்பாணத்தையே பிடித்தார். யாருக்குப் பயந்து கோட்டை கட்டினார்களோ, அவர்களுடைய ஊருக்கே அங்கிருந்து படை போயிருக்கிறது! 1565இல், எதிரி அரசான சீதாவாக்கையின் ஓயாத முற்றுகையால் களைத்த போர்த்துக்கேயர் அரசன் தர்மபாலனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள். தலைநகர் பாழானது.

இன்று மிச்சமிருப்பது கபுக் கல் (செம்பாறைக் கல்) மதிலின் சில துண்டுகளும் அகழியின் சில பகுதிகளும்தான். அவற்றை ஒட்டியே வீடுகள். எத்துல் கோட்டே என்றால் உட்கோட்டை, பிட்ட கோட்டே என்றால் வெளிக்கோட்டை. பஸ் கண்டக்டர் தினமும் கூவும் பெயர்களில் அந்த மதில் இன்னும் நிற்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் வான் வண்டிக்குள்ளேயே வரைபடம் கேட்டார்கள். அகழிக்குள் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களைப் பார்த்தபோது மனம் கனத்தது. முடிந்தவரை பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

ஈ. டபிள்யூ. பெரேரா நினைவு அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு நீதி கேட்டு இங்கிலாந்துக்குப் போன அவரைப் பற்றிப் பேசும்போது, அதே விடயத்துக்காகக் கடல் கடந்த பொன்னம்பலம் இராமநாதனையும் நினைவுகூர்ந்தோம்.

பிள்ளைகளுக்காகத் தமிழில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். அச்சுச் செலவுக்குச் சபையின் அங்கீகாரம் வேண்டும். வான் கூலியைப் பகிர்ந்துகொண்ட அனைவருக்கும் நன்றி.

செயலாளர்