காய்கனிச் சலுகைச் சீட்டு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "வாங்கிய காயைப் பிள்ளை தொடாமல் ஒதுக்கிவிட்டால் அந்தக் காசு குப்பைக்குத்தானே போகிறது, ஐயா?" காய்கறி கொடுங்கள், பழம் கொடுங்கள் என்று நாங்கள் இதுவரை அனுப்பிய சுற்றறிக்கைகளை நினைத்துக் கூசிப்போனேன்.

பத்து வயது நிறைந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பறையில் இதைச் சொல்வது எளிது. எண்ணி எடுத்த பணத்தோடு கடைக்குப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது வயிற்றை நிரப்புவதும், கெடாமல் இருப்பதும், பிள்ளை மறுக்காததும்தான். புதிய காய் ஒன்று பிள்ளையின் நாவுக்குப் பழக எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம். அத்தனை தடவை வீணாவதை எந்த வீடு தாங்கும்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011-12இல் ஒரு சோதனை நடந்தது. அரசின் உணவு உதவி பெற்றுவந்த 7,500 குடும்பங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட காய்கனிகளுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்டை உடனே அவர்கள் கணக்கில் வரவு வைத்தார்கள். இக்குடும்பங்களின் பெரியவர்கள், சலுகை பெறாதவர்களைவிட 26 சதவீதம் கூடுதலாக அவற்றை உண்டார்கள். நாளுக்கு ஏறத்தாழக் கால் கோப்பை அதிகம். அற்புதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் சுற்றறிக்கைகள் இந்தக் கால் கோப்பையைக்கூடச் சாதித்ததாகத் தெரியவில்லை.

எனவே, அடுத்த பருவம் முழுவதும் கழக நிதியிலிருந்து காய்கனிச் சீட்டு வழங்க முடிவு செய்திருக்கிறோம். ரசீதைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தரலாம் என்ற யோசனையும் வந்தது. முதலில் போடப் பணம் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? ஆகவே சீட்டு முன்கூட்டியே உங்கள் கைக்கு வரும். பதப்படுத்தாத காய்கறி, பழம் எதற்கும் அது செல்லும்.

இன்று எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரியான உறை ஒன்றைக் கொடுத்தனுப்புகிறோம். சீட்டு வேண்டுவோர் உள்ளிருக்கும் தாளில் குறியிடுங்கள். வேண்டாதோர் குறியிடாமல் விடுங்கள். இரு சாராரும் உறையை ஒட்டியே திருப்பி அனுப்ப வேண்டும். யார் பெறுகிறார் என்பது பிள்ளைகளுக்கோ வகுப்பாசிரியருக்கோ தெரிய வேண்டியதில்லை. உறைகளை நானே பிரிப்பேன். வருமானச் சான்று கேட்கப்போவதில்லை. இதில் கழக உறுப்பினர் சிலருக்கு உடன்பாடில்லை, பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன்.

அந்தத் தாய்க்கு ஒரு பதில்: பிள்ளை ஒதுக்கிவைத்த காய்க்கும் சீட்டு செல்லும், அம்மா. கணக்குக் கேட்கமாட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் உறை வந்து சேரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்