மீதியையும் பிள்ளைகள் கேட்கட்டும்

மதிப்பிற்குரிய பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன். மடல் கிடைத்தது என்று மட்டும் உங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. அதனால் இந்த முறை தமிழில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். உங்களுக்கான மொழிபெயர்ப்பைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், முடிவெடுத்தவர்களே நீங்கள்தான். எட்டாம் வகுப்பில் அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பாதிக்கு மேல் படித்துவிட்ட நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை தள்ளுவண்டியோடு இரண்டு பேர் வந்து எல்லாப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். என் மகளின் பிரதியில் அடையாளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? பத்தொன்பதாம் அத்தியாயம். மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சன் சாட்சிக் கூண்டில் இருக்கிறார். அவருடைய இடது கை சிறு வயதிலேயே பஞ்சு அரைவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்துபோனது. மயெல்லாவின் முகத்திலோ அடி விழுந்தது வலப்பக்கம். அடித்தவன் இடது கைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் படம் போட்டு அவர்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். டாம் விடுதலையாகிவிடுவார் என்று என் மகள் வீட்டுக்கு வந்து அடித்துச் சொன்னாள். கதையில் டாமுக்காக வாதாடும் வழக்கறிஞரின் மகன் ஜெம்மும் அப்படித்தான் நம்புகிறான். அந்த நம்பிக்கை உடைவதுதான் நாவலின் உயிர். உடைகிற நேரத்தில் ஆசிரியரும் நண்பர்களும் பக்கத்தில் இருக்க வேண்டும், வகுப்பறை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது, வாங்கினேன். இருபத்தொன்றாம் அத்தியாயத்தை அவள் இரவில் தன் அறையில் தனியாகப் படித்தாள். ஜூரிகள் உள்ளே வரும்போது ஒருவர்கூட டாமை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று கதை சொல்லும் ஸ்கவுட், ஜெம்மின் தங்கை, சொல்லும் இடம் அது. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது புத்தகம் மூடியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அம்மா, அவர் செய்யலன்னு எல்லாருக்கும் தெரியும்தானே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தடுமாறினேன். நான் ஆசிரியர் இல்லை. அந்தக் கேள்விக்காகவே நாலு வாரமாகத் தயார் செய்துகொண்டிருந்த ஒருவர் பள்ளியில் இருந்தார். அவரிடம் அதைக் கேட்க முடியாமல் செய்தது நீங்கள்.

'மாணவர்களுக்குச் சங்கடம் தருகிறது' என்பது நீங்கள் சொன்ன காரணம். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் நாவலில் பலமுறை வருகிறது. வகுப்பில் யாராவது அதை உரக்க வாசித்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கும் புரிகிறது. கதை முழுக்க வெள்ளைக்காரச் சிறுமியின் பார்வையில் நகர்கிறது, டாமின் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை என்ற குறையும் நியாயமானது. சரி, அதற்கு வழி இருக்கிறது. அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்று வகுப்பில் விதி வையுங்கள். கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நாவலையும் கூடவே பாடமாக்குங்கள். அந்தப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோர்களையும் அழைத்துப் பேசுங்கள். இதில் எதையுமே செய்யாமல் தள்ளுவண்டியை அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாவலில் ஜெம்மின் பக்கத்து வீடான ராட்லி வீட்டு மரம் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பொந்தில் யாரோ பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னப் பொருள்களை வைக்கிறார்கள். ஒருநாள் நேதன் ராட்லி அதைச் சிமெண்டால் பூசி அடைத்துவிடுகிறார். ஜெம் கேட்டால், மரம் நோயில் சாகிறது என்கிறார். இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, மரம் நன்றாக இருக்கிறது என்கிறார் ஜெம்மின் அப்பா ஆட்டிகஸ். அன்று ஜெம் அழுதிருக்கிறான் என்பதை ஸ்கவுட் கவனிக்கிறாள். பொந்து போன வருத்தத்தோடு, பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே பொய்க் காரணம் சொன்னதும் அதில் சேர்ந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். அந்த வீட்டிலும் குழந்தைமையைப் பறித்தவர்கள் பெரியவர்கள்தான்.

உங்கள் சுற்றறிக்கையில் 'இந்த வயதுக்கு ஏற்றதல்ல' என்று ஒரு வரி இருந்தது. இவர்களுக்கு 13 வயது. 1931இல், இந்த நாவல் நடக்கும் அதே அலபாமா மாநிலத்தில், ஸ்காட்ஸ்பரோ வழக்கில் பொய்க் குற்றம் சாட்டி ஒன்பது கறுப்பினப் பையன்களை நிறுத்தினார்கள். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவனுக்கு வயது 13. அவன் அனுபவித்ததை நம் பிள்ளைகள் கதையாகப் படிக்கக்கூட வயது போதாது என்கிறீர்கள். ஆனால் மழலையர் பள்ளியிலிருந்தே விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, துப்பாக்கிக்காரன் வந்தால் மூச்சுவிடாமல் மூலையில் உட்காருவது எப்படி என்று இதே பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறோம். அந்தச் சங்கடத்துக்கு எந்த வாரியமும் அவசரக் கூட்டம் போட்டதாக நான் பார்க்கவில்லை. உலகம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி வாய்விட்டுப் பேச ஓர் இடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

கோபம் எங்கெங்கோ இழுத்துப் போகிறது, மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிள்ளைகள் படித்து முடிக்கட்டும்.

முடிவை மாற்றுவது கௌரவக் குறைவு என்று நினைக்க வேண்டாம். 2017 அக்டோபரில் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் எட்டாம் வகுப்பிலிருந்து இதே நாவலை எடுத்தார்கள். எதிர்ப்பு வந்ததும், பெற்றோர் அனுமதியோடு படிக்கலாம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோவில் 2022இல் கட்டாயப் பட்டியலிலிருந்து மட்டும்தான் நீக்கினார்கள். விரும்பும் ஆசிரியர் நடத்தலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள். உங்களுக்கும் இந்த வழிகள் உண்டு. அனுமதிக் கடிதம் கேட்டால் இன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நாவலிலேயே இதற்கு விடை இருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் கில்மர் டாமை இளக்காரமாக விசாரிப்பதைப் பொறுக்க முடியாமல் டில் என்ற சின்னப் பையன் அழுகிறான். வெளியே அழைத்துப் போகிறார்கள். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் இவன் அழமாட்டான் என்று அங்கே ஒருவர் சொல்கிறார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நடுங்குகிறது. குழந்தைமை போவது அழும்போது அல்ல, அழுகை நின்றுபோகும்போதுதான். டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் நீதிமன்றத்துக்குள் போகிறான். அப்புறம், பிள்ளைகள் மாடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆட்டிகஸ் என்ன செய்கிறார்? வீட்டுக்கு அனுப்புகிறார், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார். இவ்வளவும் கேட்டுவிட்டீர்கள், மீதியையும் கேட்டுவிடலாம் என்கிறார்.

சென்ற கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். பேசி முடிக்கும்வரை உங்களில் ஒருவர்கூடக் காகிதத்திலிருந்து தலை நிமிரவில்லை. என் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், இருபத்தொன்றாம் அத்தியாயத்தை அதற்குள் படித்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிரதிகள் இன்னும் பள்ளிக் கிடங்கில்தான் இருக்கின்றன என்று அறிகிறேன். தயவுசெய்து அவற்றைக் கல்வியாண்டு முடிவதற்குள் வகுப்புக்குத் திருப்பி அனுப்புங்கள். ஒரு பிரதியில் துண்டுக் காகிதம் இருக்கும், அதை எடுத்துவிடாமல் அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்