ஃபோர்மட் அடிக்க முன்னம் ஒரு தரம் பார்

மச்சான்,

நீ எழுதியது நேற்று இரவுதான் கண்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது பெரிய ஆறுதல். இங்கே திருகோணமலையில் மாரி தொடங்கிவிட்டது, உப்புவெளிப் பக்கம் கரண்ட் வருவதும் போவதுமாய் இருக்கிறது, மற்றப்படி எல்லோரும் சுகம்.

சரி, உன் லப்டொப். விண்டோஸ் வந்து கொஞ்ச நேரத்தில் உறைந்துபோகிறது, கடையில் ஃபோர்மட் அடிக்கச் சொல்கிறார்கள் என்கிறாய். தயவுசெய்து இப்போது கொடுத்துவிடாதே. பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் அதற்குள் கிடக்கிறது, என்ன பழுது என்று பார்க்காமலே துடைப்பதை நினைக்கவே எனக்கு வயிறு எரிகிறது. பழுது விண்டோசுக்குள்ளா, பிறகு நாம் ஏற்றிய ஏதாவதிலா, முதலில் அதைத்தான் பிரித்தறிய வேண்டும்.

விண்டோசை அடிப்படைப் பகுதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோட் இருப்பதே அதற்குத்தான். விண்டோஸ் 7 வரைக்கும் எஃப்8 அழுத்தினால் போதும், இப்போது அப்படியில்லை. லொகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு றீஸ்டார்ட் கொடு, நீலத் திரை வரும், அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போய்த் திரும்பவும் றீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் காட்டும், 4ஐ அழுத்து. இடையில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும், அது உன் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று போனில் முன்கூட்டியே பார்த்து எழுதி வை. திரை கறுப்பாய், எழுத்தெல்லாம் பெரிதாய்த் தெரிந்தால் பயப்படாதே, கணினியின் பாகங்களை இயக்கும் ட்ரைவர்களில் அடிப்படையானவற்றோடு மட்டும் ஓடுவதால் அப்படி.

அங்கேயும் உறைந்தால் ஹார்ட் டிஸ்க், றாம் அல்லது விண்டோசையே சந்தேகப்படலாம். உறையாமல் ஓடினால் நாம் ஏற்றிய ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் பழுது, ஆனால் வேறெதையும் தொடமுன் படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

படங்கள் பத்திரமானதும் சாதாரணமாய்த் திறந்து எம்எஸ்கொன்ஃபிக் என்று தேடு, விண்டோசோடு எவை தொடங்க வேண்டும் என்று தெரிவு செய்யும் இடம் அது. அதில் டயக்னொஸ்டிக் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, பின்னணியில் ஓடும் சேவைகளில் அடிப்படையானவற்றை மட்டும் ஏற்றும், நெட்வேர்க்கும் இல்லாமல் போகலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது சேர்விசஸ் பக்கம் போய், மைக்ரோசொஃப்டின் சேவைகளை மறைக்கும் பெட்டியில் சரி போட்டு, மிச்சத்தை நிறுத்துவது. டாஸ்க் மனேஜரில் தானாய்த் தொடங்குபவற்றையும் நிறுத்திவிட்டு றீஸ்டார்ட் செய். பிரச்சினை போய்விட்டால் பாதியை மட்டும் திரும்ப இயக்கிப் பார், வந்தால் ஆள் அந்தப் பாதிக்குள், வராவிட்டால் மற்றதற்குள், இப்படியே பாதி பாதியாய்க் குறைத்துக்கொண்டு போ. உவர்மலையில் மருமகனின் லப்டொப்பில் இப்படித் தேடித்தான் பிடித்தோம், எப்போதோ தூக்கிக் கொடுத்துவிட்ட பிரின்டரின் மென்பொருள், பிரின்டர் இல்லாமலே ஒவ்வொரு நாளும் எழும்பி ஓடிக்கொண்டிருந்தது.

அதே எம்எஸ்கொன்ஃபிக்கில் பூட் பக்கத்தில் உள்ள சேஃப் பூட் பெட்டியை மட்டும் தொடாதே. அதில் சரி போட்டால், அந்தச் சரியை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுக்கே போகும், அங்கே உன் பின் நம்பரை ஏற்காவிட்டால் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா, பல விமான நிலையங்கள் ஸ்தம்பித்த நாள்? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. பலவற்றைச் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழித்துத்தான் எழுப்பினார்கள், ஒவ்வொன்றாய், கையால். ஃபோர்மட் தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்ததும் எம்எஸ்கொன்ஃபிக்கில் நோர்மல் ஸ்டார்ட்அப்பைத் திரும்பப் போட மறவாதே. எதில் நின்றது என்று எழுது, நடுவில் எங்காவது இறுகினால் இரவு எட்டுக்குப் பிறகு கோல் எடு.

அன்புடன்,
உன் மச்சான்