அறிவியல் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வீடு தேடி வரும். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் சில விஷயங்களை விரிவாக எழுதியிருக்கிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றம், ரத்ததான முகாம், ஆடிப்பெருக்கன்று கூடுதுறையில் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. நூலகத்துக்குப் பதினான்கு புத்தகங்கள் சேர்ந்தன. தடுப்பூசி செய்யும் குன்னூர் பாஸ்டர் நிலையத்தைப் பார்க்கப் போவதாக இருந்த பயணம் நின்றுபோனது. 1907-இல் தொடங்கிய நிலையம், நமக்குப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் பதினைந்து பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேனுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை.

சரி, இரண்டாம் சனிக்கிழமைப் பேச்சுத் தொடருக்கு வருகிறேன். வைரஸ் புரதத்தில் நடக்கும் வேதி மாற்றங்களை நம் டி செல்கள், அதாவது தொற்று ஏறிய செல்லைக் கண்டுபிடிக்கும் ரத்த வெள்ளணுக்கள், எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் தலைப்பு. பவானி மாதிரி ஊரில் இது யாருக்கு வேண்டும் என்று செயற்குழுவில் மூன்று பேர் கேட்டார்கள். அன்றைக்குச் சொல்ல நேரமில்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

கொரோனா முடிந்த சமயம், தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். "ஏனுங்க வாத்தியாரே, ரெண்டு ஊசி போட்டும் மறுக்காக் காய்ச்சல் வந்துருச்சுங்களே. ஒருக்காப் பார்த்த மூஞ்சி உடம்புக்கு மறந்து போகுங்களா?" முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். முழுப் பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். வைரஸின் மரபணு எழுத்து மாறுகிறது, நாளாக ஆக எதிர்ப்பொருள் (வைரஸில் ஒட்டி அதைத் தடுக்கும் நம் உடம்பின் புரதம்) குறைகிறது, இவைதான் முக்கியக் காரணங்கள். இவற்றை நாளிதழிலேயே படித்திருந்தோம். ஆனால் எழுத்து மாறாமலேயே புரதத்தின்மேல் நடக்கும் மாற்றங்களும் உண்டு. அதைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

நம் ஊரில் நூலுக்குச் சாயம் போட்ட பிறகுதான் ஜமக்காளம் நெய்கிறோம். செல்லோ புரதத்தை நெய்யும்போதும் நெய்து முடித்த பிறகும் அங்கங்கே சாயம் தொடுகிறது. ஓரிடத்தில் சர்க்கரை, ஓரிடத்தில் பாஸ்பேட். வைரஸுக்குச் சொந்தத் தறி கிடையாது, நம் செல்லின் தறியில்தான் நெய்துகொள்கிறது. அதனால் அதன் புரதத்தின்மேல் ஏறுவதும் நம் சர்க்கரைதான், உடம்பு அதை அந்நியமாக நினைப்பதில்லை. கொரோனாவின் முள் புரதம் மூன்று இழைகள் சேர்ந்தது. இழைக்கு இருபத்திரண்டு வீதம் அறுபத்தாறு இடங்களில் சர்க்கரை ஏறலாம். 1968-இல் வந்த எச்3என்2 ஃப்ளூ வைரஸில், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தலைப்பகுதியில் முதலில் இரண்டே இடங்களில்தான் சர்க்கரை இருந்தது. பிறகு வந்த வருடங்களில் இடங்கள் கூடிக்கொண்டே போயின. சர்க்கரை மூடிய இடத்தை எதிர்ப்பொருளால் எளிதில் தொட முடியாது.

டி செல்லின் வழி வேறு. அது முழு வைரஸைப் பார்ப்பதில்லை. தொற்று ஏறிய செல், வைரஸ் புரதத்தை நறுக்கி, பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் (புரதம் கோக்கப்படும் மணிகள்) நீளமுள்ள துண்டாக எச்.எல்.ஏ. என்ற தட்டில் வைத்து வெளியே நீட்டுகிறது. துண்டையும் தட்டையும் சேர்த்துத்தான் டி செல் தடவிப் பார்க்கும். வைரஸின் அடையாளத்தோடு தட்டையும் சேர்த்தே டி செல் பார்க்கிறது என்று கான்பெராவில் 1974-இல் கண்டறிந்த விஞ்ஞானிகள் டொஹர்ட்டிக்கும் ஜிங்கர்நாகலுக்கும் 1996-இல் நோபல் கிடைத்தது.

இதைக் காட்டத்தான் ஆசாரியிடம் ஒரு பலகை செய்தேன். பலகைதான் தட்டு, கயிறுதான் துண்டு. கயிற்றில் அமினோ அமிலத்துக்கு ஒன்றாக ஒன்பது முடிச்சு. இரண்டாவதும் ஒன்பதாவதும் பலகைக் குழிகளில் உட்காரும், நடு முடிச்சுகள் மேலே துருத்தி நிற்கும். குழிக்குள் போகும் முடிச்சு வேதி மாற்றத்தால் பருத்துவிட்டால் துண்டு தட்டில் நிற்காமல் போகலாம், அப்போது டி செல்லுக்குக் காட்ட எதுவுமே இல்லை. நடு முடிச்சு மாறினால் துண்டு நிற்கும், ஆனால் பழைய டி செல்லுக்கு அது தெரியாமல் போகும், புதிதாக இன்னொன்று வர வேண்டும். கண்ணை மூடித் தடவி மாறிய முடிச்சைச் சொன்னவர் அந்தத் தறிக்கார அண்ணன்தான். பலகைக்கான 450 ரூபாய் என் சொந்தப் பணம். மன்றக் கணக்கில் எழுதியதாகப் பேசியவர்கள் ரசீதைப் பார்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது நான்காம் கூட்டம். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் தொங்கும் சர்க்கரையைச் செல் வெட்டி எடுக்கும்போது, அது அஸ்பார்டிக் அமிலமாகிவிடுகிறது. எடையில் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணு அளவுதான் வித்தியாசம், ஆனால் மின்சுமை ஏறிவிடுகிறது. மரபணுவைப் படித்தால் அஸ்பராஜின் என்றுதான் இருக்கும், தட்டில் வருவதோ வேறு. மரபணுவை மட்டும் நம்பித் துண்டைச் செய்து சோதித்தால், உடம்பில் உண்மையாக வேலை செய்யும் டி செல் கண்ணில் படாமலே போகலாம். இதைக் கேட்க அன்று வந்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். நாற்காலி நாற்பது போட்டிருந்தோம்.

ஐப்பசிக் கூட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. 1966-67-இல் அமெரிக்காவில், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனக் கரைசலில் செயலிழக்க வைத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்த வைரஸ் தொற்றியபோது அவர்களுக்கு நோய் கடுமையானது, இரண்டு குழந்தைகள் இறந்தன. வைரஸின் முக்கியப் புரதம் வடிவம் கெட்டிருந்தது ஒரு காரணம். ஃபார்மலின் புரதத்தில் விட்டுச்செல்லும் கார்போனைல் தொகுதிகள் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தவை) டி செல்களைத் தவறான வழிக்குத் திருப்புவதாகப் பின்னாளில் எலிகளில் தெரிந்தது. இது முதல் பாதி. இரண்டாம் பாதியில், 1955-இல் வந்த சால்க்கின் போலியோ ஊசியும் ஃபார்மலினில் செய்ததுதான், அது குழந்தைகளைக் காப்பாற்றியது என்று சொன்னேன். புரதத்தின் சரியான வடிவத்தை நிலைநிறுத்திச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகளுக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்ததையும் சொன்னேன். பாதியில் எழுந்து போன ஒருவர், வாத்தியார் தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறார் என்று டீக்கடையில் பரப்பிவிட்டார். என் பேரக்குழந்தைகள் எல்லாருக்கும் எல்லா ஊசியும் நேரத்துக்குப் போட்டாகிவிட்டது. அந்த வதந்தி என்னை மிகவும் வருத்தியது.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகப் போனது, சிறு தொகை கையிருப்பு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அறுபத்தொரு உறுப்பினர்களில் முந்நூறு ரூபாய் சந்தா கட்டியவர்கள் இருபத்தேழு பேர். ஒன்பது பேர் மூன்று வருடமாகக் கட்டவில்லை. பெயர்களை இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

மண்டபம் தந்த குடும்பத்தாருக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்ட தங்கச்சிக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

பத்துக் கூட்டம் என்று திட்டமிட்டதில் ஆறுதான் முடிந்தது. பாஸ்பேட் பற்றியும், எச்.ஐ.வி.யின் சர்க்கரைப் போர்வை பற்றியும் குறிப்புகள் தயாராக இருக்கின்றன. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்வதானால் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுகிறேன், தொடரை மட்டும் நிறுத்த வேண்டாம். மண்டப மின்கட்டணம் ஏறிவிட்டது. முப்பது பேர் புதிதாகச் சந்தா கட்டினால் மீதி நான்கு கூட்டத்தையும் நடத்திவிடலாம், குன்னூருக்கும் போய்வரலாம். ரசீதுப் புத்தகம் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்