“எந்த டாக்டரிடம் காட்டலாம்?” என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மகன் தனக்குப் பெண்கள் மேல் நாட்டமே இல்லை என்கிறான், அல்லது மகள் தன் தோழியோடுதான் வாழ்வேன் என்கிறாள், அல்லது ஆண் என்று நினைத்து வளர்த்த பிள்ளை தன்னைப் பெண் என்று சொல்கிறது. எந்த டாக்டரிடம் காட்டலாம், எப்படிச் சரி செய்யலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். சில பதில்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் “இது வயசுக் கோளாறு, மாற்றிவிடலாம், சீக்கிரம் ஒரு கல்யாணத்தைச் செய்து வையுங்கள்” என்ற பதிலும் இன்னமும் வருகிறது, போதாததற்கு குணப்படுத்தித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களும். ஈர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ இப்படி மாறுபட்டிருக்கும் பால்புதுமையர் படும் பாட்டைப் பற்றிப் பேச நூறு விஷயம் இருக்கிறது, வேலை, வாடகை வீடு, தெருவில் கேலி என்று. ஆனாலும் இந்த ஒன்றை முதலில் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது வீட்டுக்குள்ளேயே, பெற்றவர்கள் கையாலேயே, அன்பின் பெயரால் நடக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை, அதாவது ஆணுக்கு ஆண் மேலும் பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் ஈர்ப்பை, நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. பிறந்தபோது சொல்லப்பட்ட பாலினம் தன்னுடையது இல்லை என்று உணரும் திருநர்களின் பாலின அடையாளத்தை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிய புதிய பட்டியலை அதே நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது. நோய் என்று மருத்துவ உலகமே சொல்லாத ஒன்றுக்கு எங்கே போய் மருந்து வாங்குவது?

ஆனாலும் மாற்ற முடியும் என்று ஆய்வு இருக்கிறதாமே என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது. ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1973இல் அந்த மாற்றம் வருவதற்கே முன்னின்றவர், சுமார் 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலர் மாறியிருக்கிறார்கள் என்று 2003இல் எழுதினார். உலகம் முழுக்க அதைத் தூக்கிப் பிடித்தார்கள். 2012இல் அவரே, அவர்கள் சொன்னது உண்மையா என்று சரிபார்க்க எந்த வழியும் தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடமே, இப்படி மாற்றித் தருவதாகச் சொல்லிப் பல பத்தாண்டுகள் இயங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பும், தாங்கள் ஏற்படுத்திய காயங்களுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடப்பட்டது. மாற்றித் தருவதாகச் சொன்னவர்களே கைவிட்ட பிறகும் அந்தப் பழைய ஆய்வை நம்பி எத்தனை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைகிறோம்!

சிகிச்சை என்று அன்று செய்ததெல்லாம் கொடுமை. மின்சார ஷாக் கொடுத்தார்கள், வாந்தி வரவைக்கும் மருந்து கொடுத்தார்கள். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங் மீது 1952இல் பிரிட்டனில் தன்பாலுறவுக்காக வழக்குப் போட்டு, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டே வருடத்தில், 41 வயதில் இறந்துபோனார். அரச மன்னிப்பு வந்தது 2013இல், யாருக்கு என்ன பயன்.

இன்று நடப்பது பெரும்பாலும் ஷாக் அல்ல. செல்போனைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, அறையில் பூட்டுவது, அடிப்பது, சாமியாரிடமோ போதகரிடமோ கொண்டுபோய் உட்கார வைப்பது, கடைசியில் கல்யாணம். இந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் அது கெடுப்பதில்லை, ஒன்றும் தெரியாமல் வந்து கழுத்தை நீட்டும் இன்னொருவரின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கிறது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று வருடக்கணக்கில் நினைத்து நொந்துபோகும் மனைவிகளும் கணவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று அடுத்த படிக்கும் போகிறார்கள். ஒன்றும் சரியாவதில்லை, இன்னொரு உயிரும் அந்த வீட்டின் மௌனத்துக்குள் வளர்கிறது, அவ்வளவுதான். என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் நிச்சயம் வரை போய், அவனே வாய்விட்டு அழுது நிறுத்தினான். நல்லவேளை, நிறுத்தினான்.

திருநர்களுக்கு இன்னும் மோசம், அவர்களால் மறைத்துக்கொண்டு காலம் தள்ளக்கூட முடிவதில்லை. நடை, பேச்சு, உடை என்று எல்லாவற்றுக்கும் அடி விழுகிறது. பள்ளியில் கேலி, வீட்டில் அடி, அப்புறம் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விடுகிறார்கள். படிப்பு பாதியில் நின்றுவிட, நல்ல வேலைக்கான வழியும் அதோடு அடைபடுகிறது. பிறகு அதே சமூகம், இவர்கள் ஏன் உழைத்துச் சாப்பிடுவதில்லை என்று கேட்கிறது. வெளியே தள்ளிவிட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டில் எப்படி நடத்துகிறோம் என்பது உயிர் போகிற விஷயம் என்று சும்மா சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட இளைஞர்கள், அந்த அளவு ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் தற்கொலைக்கு முயன்றிருக்கிறார்கள். ஒதுக்குவது என்றால் வீட்டை விட்டு விரட்டுவது மட்டுமல்ல, திட்டுவது, நண்பர்களைப் பார்க்க விடாதது, நீ எங்களுக்கு அவமானம் என்று சொல்வது எல்லாம் அதில் சேர்த்திதான். பெற்றோர் இதையெல்லாம் நிறுத்துவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டமும் வேண்டும்தான். ஈர்ப்பையோ அடையாளத்தையோ மாற்றுவதாகச் சொல்லும் இந்தச் சிகிச்சைகளை மால்டா 2016இல் தடை செய்தது, கனடா, பிரான்ஸ், நியூசிலாந்து மூன்றிலும் 2022இல் தடை நடைமுறைக்கு வந்தது. இப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்து சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கொடுத்த உத்தரவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீர்ப்பு எழுதும் முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது. மறுபக்கம், உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்னமும் குற்றம், உகாண்டா 2023இல் சில சூழல்களில் மரண தண்டனை வரைக்கும் சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் ஒரு நாட்டில் முன்னே போகும், இன்னொன்றில் பின்னே போகும், அதனால்தான் வீட்டையே நம்பி எழுதுகிறேன்.

சரி, பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது? முதல் நாளே எல்லாம் புரிந்துவிடாது, புரிந்த மாதிரி நடிக்கவும் வேண்டாம். “எனக்கு இது புதுசு, கொஞ்ச நாள் கொடு, ஆனா நீ எங்க பிள்ளைதான்” என்று சொன்னால் போதும், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் பல மாதம் பயந்து பயந்து காத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் சித்தப்பா, மாமா என்று யாரிடமும் சொல்லாதீர்கள், எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவர்கள் முடிவு. திருநர் பிள்ளை என்றால் அவர்கள் விரும்பும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மனச்சோர்வோ சாகும் எண்ணமோ இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள், சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, ஈர்ப்புக்கு அல்ல. மாற்றிவிடலாம் என்று சொல்கிற மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் அந்த ஆலோசனையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களை, எவ்வளவு பணம் கொடுத்தாலும், வாங்காதீர்கள். இப்படிக் கேள்வி வரும்போது பதில் எழுதுபவர் இன்றைய மருத்துவம் தெரிந்தவரா என்று பார்த்துவிட்டு அச்சிடுங்கள். அப்புறம், பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட பெற்றோரை, பெயர் வெளியிடாமலாவது, உங்கள் பக்கங்களில் பேச விடுங்கள். டாக்டரைத் தேடும் பெற்றோர் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி