வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம். 2024 ஏப்ரல் தொடங்கி 2025 மார்ச் முடிய மும்பைத் தமிழர்களாகிய நம் வட்டம் செய்தவற்றை இங்கே வாசிக்கிறேன்.

வழக்கமானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பகம் தடையின்றி நடந்தது. ஜூலை மழையில் பின்சுவரில் ஓதம் ஏறி, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் சில வீணாயின, தட்டுகளை உயர்த்தியாகிவிட்டது. குறள் ஒப்பித்தல் போட்டி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மராத்திப் பயிற்சி, பொங்கல் விழா எல்லாம் குறையில்லாமல் நடந்தன. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். நான் பேசினால் பெயர் சொல்ல வேண்டி வரும்.

இந்த ஆண்டு அதிக நேரமும் அதிக வாக்குவாதமும் போனது ‘பழைய பேச்சு’ கூட்டங்களில்தான். அரசியல்வாதிகள் முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாக்காளர்களுக்குக் காட்டுவது என்று செயற்குழு முடிவெடுத்தது. மக்களவை, சட்டமன்றம் என்று ஒரே ஆண்டில் இரண்டு தேர்தல்கள் வந்த மராட்டியத்தில் இதற்குப் பஞ்சமா?

தொடக்கம் 2024 ஏப்ரல் 9, மராத்திப் புத்தாண்டான குடி பாட்வா. சிவாஜி பார்க் மைதானத்தில் நவநிர்மாண் சேனா கட்சித் தலைவர் ராஜ் தாக்கரே, மோடிக்கு நிபந்தனையற்ற ஆதரவு என்று அறிவித்தார். மறுநாள் காலை தெருமுனை நாக்காவில் டீ குடித்தவர்கள் கையில் எல்லாம் 2019 வீடியோக்கள். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவருடைய நவநிர்மாண் சேனா ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. ஆனாலும் அவர் ஊர் ஊராக மேடை போட்டு, பெரிய திரை கட்டி, ‘லாவ் ரே தோ வீடியோ’, அதாவது ‘போடுப்பா அந்த வீடியோவை’ என்று சொல்லிச் சொல்லி மோடியின் முந்தைய வாக்குறுதிகளை ஓடவிட்டார். ஹரிசால் ‘டிஜிட்டல் கிராமம்’ விளம்பரத்தில் வந்த இளைஞரையே ஒரு கூட்டத்தில் மேடையேற்றிப் பேச வைத்தார். பதிலுக்குப் பா.ஜ.க.வின் ஆஷிஷ் ஷேலாரும் ஒரு வீடியோ கூட்டம் நடத்தினார். வேட்பாளரே இல்லாத கட்சியின் பிரசாரச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி தேர்தல் ஆணையம் வரை போனது.

கூட்டம் அலைமோதியது, கைதட்டலுக்குக் குறைவில்லை. முடிவு வந்தபோது 48 தொகுதிகளில் அவர் எதிர்த்த பா.ஜ.க. 23, அதன் அன்றைய கூட்டாளி சிவசேனா 18, தேசியவாத காங்கிரஸ் 4, காங்கிரஸ் 1, மற்றவர்கள் 2.

ஆக, இந்தக் கருவியைக் கையிலெடுக்கும் முன்பே அதன் இரண்டு ஓட்டைகள் நமக்குத் தெரிந்தன. கைதட்டல் வாக்காவதில்லை. வீடியோ போட்டவருக்கும் பழைய வீடியோ உண்டு. நம் முதல் கூட்டத்திலேயே ராஜ் தாக்கரேயின் மூன்று நிலைகளை ஒரே தாளில் அச்சிட்டோம்: 2014 மார்ச்சில் மோடிக்கு ஆதரவு, 2019இல் எதிர்ப்பு, 2024இல் மறுபடி ஆதரவு. அவர் சொன்ன காரணத்தையும் அதன் கீழேயே போட்டோம். வாக்குறுதி நிறைவேறாதபோது எதிர்த்தேன், 370ஆவது பிரிவை நீக்கியபோது பாராட்டினேன் என்பது அவர் தரப்பு. இதை ஏன் அச்சிட வேண்டும், அவருக்கு வக்காலத்தா என்று ஓர் உறுப்பினர் எழுந்து கத்தினார். காரணத்தை மறைத்துவிட்டு மாற்றத்தை மட்டும் காட்டினால் அது கட்சிக்காரன் வேலை என்று தலைவர் பதில் சொன்னார். நானும் அவர் பக்கம்தான்.

அடுத்த கூட்டம் தேசியவாத காங்கிரஸின் அஜித் பவாரைப் பற்றியது. படிப்பகச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் படம் ஓட்டினோம். 2014இல், தேசியவாத காங்கிரஸுடன் ஒருபோதும், ஒருபோதும், ஒருபோதும் கூட்டணி இல்லை என்று பா.ஜ.க.வின் ஃபட்னவிஸ் ட்விட்டரில் எழுதியது முதலில் வந்தது. பிறகு, நீர்ப்பாசன ஊழலுக்காக அஜித் பவார் சிறையில் மாவாட்டுவார் என்ற பொருளில் ‘சக்கி பீஸிங்’ என்று அவர் மேடையில் முழங்கிய துண்டு. இந்தி புரியாத பாட்டிமார்கூட அவர் கை சுற்றுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் நம் கல்லூரி மாணவி ஒருவர் மைக் பிடித்துத் தேதிகளை வாசித்தார். 2019 நவம்பர் 23 அதிகாலை ஃபட்னவிஸ் முதல்வராகவும் அஜித் பவார் துணை முதல்வராகவும் ஒன்றாகப் பதவியேற்பு. நவம்பர் 25, லஞ்ச ஒழிப்புப் பிரிவு நீர்ப்பாசன வழக்குகளில் ஒன்பதை முடித்துவைப்பு. அவை அஜித் பவார் சம்பந்தப்பட்டவை அல்ல என்பது அந்தப் பிரிவின் விளக்கம். 2023 ஜூன் 27, போபாலில் பிரதமர் தேசியவாத காங்கிரஸின் மீதுள்ள 70,000 கோடி ரூபாய் ஊழல் புகார்களைப் பற்றிப் பேச்சு. ஜூலை 2, பா.ஜ.க. கூட்டணி அரசில் அஜித் பவார் துணை முதல்வர். போபாலுக்கும் பதவியேற்புக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை.

ஒரு கட்சியை மட்டும் உரித்தால் வட்டத்தின் விதி மீறப்படும். எனவே சிவசேனாவுக்கும் ஒரு மாலை ஒதுக்கினோம். என் சேனையைக் காங்கிரஸ் ஆகவிடமாட்டேன், அப்படி வந்தால் கடையை மூடிவிடுவேன் என்ற சிவசேனா நிறுவனர் பாலாசாகேப் தாக்கரேயின் பழைய பேச்சு. 2019இல் காங்கிரஸ் ஆதரவோடு மகன் உத்தவ் முதல்வரானது. அறுபதுகளில் நம்மவரை நோக்கி எழுந்த ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’, அதாவது ‘மகுடி ஊது, லுங்கிக்காரனை விரட்டு’ என்ற கோஷம். 2019இல் பேரன் ஆதித்யவுக்காக வர்லி தொகுதியில் குஜராத்தியில் வைத்த ‘கேம் சோ வர்லி’, அதாவது ‘நலமா வர்லி’ பலகை. இந்தக் கடைசி ஜோடியைக் குறையாகக் காட்டுவதா, நிறையாகக் காட்டுவதா என்று செயற்குழுவில் ஒத்துப்போக முடியவில்லை. அன்று கடையை இழுத்து மூடிவிட்டு உள்ளே பதுங்கியிருந்த தலைமுறை நம்மில் இன்னும் இருக்கிறது. திருந்தினவனைப் பழசைச் சொல்லிக் குத்தக்கூடாது என்று அவர்களில் ஒருவரே சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

இதையொட்டி ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர் ஒருவர் காந்தியை இழுத்தார். என் இரண்டு எழுத்துகள் முரண்பட்டால் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933இல் ஹரிஜன் இதழில் காந்தியே எழுதியிருக்கிறாரே, இவர்களை மட்டும் ஏன் விரட்டுகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் காந்தி தாமே முன்வந்து அதைச் சொன்னார். இவர்களை நாம் வேட்டி கட்டிப் படம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

வாக்குவாதங்களின் முடிவில் சில நெறிகளை எழுதி ஒட்டினோம். துண்டு வீடியோ மட்டும் கிடைத்தால் காட்டுவதில்லை. முழுப் பேச்சு கிடைத்து, முன்னும் பின்னும் பார்த்த பிறகுதான். தேதியும் இடமும் தெரியாதது வேண்டாம். வாட்ஸாப்பில் வந்தது எதுவானாலும் மூலத்தைத் தேடியாக வேண்டும். இந்த நெறிகளால் ரொம்பவும் ருசியான பல வீடியோக்கள் கழிந்துபோயின என்று இளைஞர் அணிக்கு இன்னமும் வருத்தம்.

தாள் அச்சிடப் போன இடத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. அச்சகக்காரர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாமல் போடவே மாட்டேன் என்றுவிட்டார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. யார் பெயர் போடுவது என்றபோது அறையில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர் பெயர் போனது. வாக்குப்பதிவு முடிய உள்ள 48 மணி நேரத்தில் படம் காட்டக்கூடாது என்ற விதியையும் கடைப்பிடித்தோம்.

தாராவி மறுசீரமைப்புக் கூட்டத்துக்குத்தான் இடம் கொள்ளாத கூட்டம். ஆட்சிக்கு வந்தால் அதானி டெண்டரை ரத்து செய்வேன் என்று 2024 ஜூலையில் உத்தவ் சொன்னார். டெண்டர் நிபந்தனைகள் உத்தவ் ஆட்சியில் முடிவானவைதானே என்பது எதிர்த்தரப்பின் பதில். 2019இல் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடிக்கு எடுத்த ஏலம் 2020இல் ரத்தானதையும், 2022இல் அதானி குழுமம் 5,069 கோடிக்கு வென்றதையும், அந்தந்த நேரத்தில் யார் நாற்காலியில் இருந்தார் என்பதையும் வரிசையாக வைத்தோம். பாதியில் நம் அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். “எல்லாவனும் மாறுதவன்தான், அது எனக்குத் தெரியும்லா? எனக்கு 350 அடியா 500 அடியா, மாடியில இருக்கவனுக்கு வீடு உண்டா இல்லியா, அதச் சொல்லச் சொல்லுங்க” என்றார். கூட்டங்கள் முழுவதிலும் அதிகக் கைதட்டல் வாங்கியது அந்தப் பேச்சுதான்.

அவர் சொன்னதைத் தேர்தல் முடிவுகளோடு வைத்துப் பார்த்தேன். மக்களவைத் தேர்தலில் அஜித் பவார் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். நவம்பரில் சட்டமன்றத்தில் 41 இடங்கள், அவருடைய தொகுதியான பாராமதியில் அவருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசம். பா.ஜ.க.வுக்கு 132. மே மாதம் ஓடிய அதே பழைய வீடியோக்கள்தான் நவம்பரிலும் ஓடின. நடுவில் வந்தது பெண்களுக்கான ‘லாட்கி பஹின்’ (அன்புத் தங்கை) திட்டத்தின் மாதம் 1,500 ரூபாய். அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் மகளிர் பிரிவினர் வங்கிக் கணக்கைக் காட்டிச் சிரித்ததை மறக்க முடியாது. எதிர்பாராத தோழமையை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள். சொன்ன காசு வராவிட்டால் மன்னிப்பார்களா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் சந்தர்ப்பம் வந்தது. 1,500 ரூபாயை 2,100 ஆக்குவோம் என்பது ஆளும் கூட்டணியின் தேர்தல் வாக்குறுதி. 2025 மார்ச் 10 அன்று அஜித் பவார் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அந்த உயர்வு இல்லை. அந்த வாரமே மகளிர் பிரிவினர் படிப்பகத்துக்கு வந்து, 2,100 என்று சொன்ன வீடியோவை எடுத்துத் தரச் சொன்னார்கள். அதுவரை நாம்தான் அழைத்து உட்காரவைத்துப் படம் காட்டிக்கொண்டிருந்தோம். அவர்களாகக் கேட்டு வந்தது இதுதான் முதல் முறை.

வரும் ஆண்டுக்கு செயற்குழு பரிந்துரைப்பது: 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்துபோன மும்பை மாநகராட்சிக்குத் தேர்தல் வரும்போது தண்ணீர், கழிப்பறை, வீட்டு அளவு பற்றி ஒவ்வொருவரும் முன்பு சொன்னதை மட்டும் தொகுப்பது, யார் யாரோடு சேர்ந்தார் என்பதை ஒரு பக்கத்தோடு நிறுத்துவது. மராத்திப் பேச்சை எழுத்தாக்கத் தெரிந்தவர்கள் தேவை, பெயர் கொடுங்கள். அடுத்த தாளில் தலைவர் பெயரோடு இன்னும் இருவர் பெயராவது இருந்தால் நல்லது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். புரொஜெக்டர் இரவல் தந்தவருக்கும், வேட்டி தந்து இன்னும் திரும்ப வாங்காதவருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்